சம்பளப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கும் விலைவாசி

அகவிலைப்படி உயர்வு அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் டீக்கடைகளில் அதே வாக்குவாதம் நடக்கும். "டிஏ ஏத்திட்டாங்கல்ல, இனி எல்லா சாமானும் விலை ஏறும் பாரு" என்பார் ஒருவர். "விலை ஏறினதாலதானய்யா டிஏவே ஏத்துறாங்க" என்பார் இன்னொருவர். டீ ஆறிப்போகும், யாரும் தோற்றதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

விலை முந்தியா, சம்பளம் முந்தியா என்பது பொருளியலில் பழைய வழக்கு. அந்த வழக்கில் பலர் கண்ணுக்குப் படாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எதிர்பார்ப்பு. அடுத்த வருஷம் விலை எவ்வளவு ஏறும் என்று தொழிலாளியும் முதலாளியும் இன்றைக்கு நினைக்கிறார்களே, அந்த நினைப்பே அடுத்த வருஷ விலையில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சட்டை 500 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணி, நூல், மின்சாரம், வாடகை எல்லாம் சேர்ந்து 220 ரூபாய். தைப்பவர், வெட்டுபவர், இஸ்திரி போடுபவர் கூலி 200. முதலாளிக்கு மிஞ்சுவது 80. கூலி 10 சதவீதம் ஏறுகிறது. சட்டைக்குக் கூலிச் செலவு இப்போது 220. அந்த 20 ரூபாயை அப்படியே வாங்குபவர் தலையில் கட்டினாலும் சட்டை விலை 520, அதாவது 4 சதவீத உயர்வு. "கூலி பத்து சதவீதம் ஏறினால் விலையும் பத்து சதவீதம் ஏறிவிடும்" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அந்த 20 ரூபாய் விலையில்தான் ஏற வேண்டும் என்பதும் இல்லை. முதலாளி தன் 80 ரூபாயை 60 ஆக்கிக்கொள்ளலாம். அல்லது புதிய இயந்திரத்தாலோ நல்ல திட்டமிடலாலோ அதே ஆட்கள் அதே நேரத்தில் 10 சதவீதம் கூடுதலாகத் தைத்தால், கூலி உயர்ந்தும் ஒரு சட்டைக்கான கூலி பழைய 200 ரூபாயிலேயே நிற்கும். இதைத்தான் உற்பத்தித்திறன் என்கிறார்கள். உற்பத்தித்திறன் ஏறும் அளவுக்குக் கூலி ஏறினால் விலைக்கு ஒன்றும் ஆகாது.

எந்த வழி திறக்கும் என்பது தொழிலைப் பொறுத்தது. திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கும் கம்பெனிக்காரர் விலையைத் தானாக ஏற்ற முடியாது. வெளிநாட்டு வாங்குபவர் வங்கதேசத்து விலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அங்கே கூலி உயர்வு லாபத்தைக் கடிக்கும், அல்லது பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், வந்து முட்டும். முடிதிருத்தும் கடையில் நிலைமை வேறு. ஊரில் இருக்கும் எல்லாக் கடைகளும் ஒரே மாதத்தில் ஏற்றிவிடும், தலைமுடியை வங்கதேசத்துக்கு அனுப்பி வெட்டிக்கொள்ள யாராலும் முடியாது. ஆகவே கூலியால் விலை ஏறுவது பெரும்பாலும் உள்ளூர்ச் சேவைகளில்தான் பளிச்சென்று தெரியும்.

இனி எதிர்பார்ப்புக்கு வருவோம்.

காய்கறி வாங்கும்போது இன்றைய விலையை இன்றே கொடுத்துவிடுகிறோம். சம்பளம் அப்படி அல்ல. இன்று பேசி முடித்துவிட்டு ஓராண்டுக்கோ மூன்று நான்கு ஆண்டுகளுக்கோ அதையே வாங்குகிறோம். ஒப்பந்தம் போட உட்காரும் தொழிற்சங்கத் தலைவரின் மனதில் மூன்று கேள்விகள் ஓடும். போன ஒப்பந்தத்துக்குப் பிறகு விலை ஏறியதில் எவ்வளவு இழந்தோம்? அடுத்த ஒப்பந்தம் வரும்வரை இன்னும் எவ்வளவு ஏறும்? கேட்டது கிடைக்காவிட்டால் நம் ஆட்களுக்கு வெளியே வேலை கிடைக்குமா? முதல் கேள்விக்குப் பதில் மளிகை ரசீதில் இருக்கிறது. மூன்றாவதற்குப் பதில் ஊர் நிலவரத்தில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் எங்கும் இல்லை, ஊகம்தான்.

அந்த ஊகம் எப்படி உண்மையாகிறது? ஒரு நாட்டில் உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுகிறது. விலை 6 சதவீதம் ஏறும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். தொழிலாளி 8 சதவீதம் கேட்பார்: 6 விலைவாசிக்கு, 2 தன் உழைப்பின் வளர்ச்சிக்கு. முதலாளியும் "நாமும்தான் விலையை ஏற்றப் போகிறோமே" என்று ஒத்துக்கொள்வார். பொருள் ஒன்றுக்கான கூலிச் செலவு 8 கழித்தல் 2, அதாவது 6 சதவீதம் ஏறுகிறது. லாப விகிதமும் மற்ற செலவுகளும் அதற்கேற்பவே நகர்ந்தால் விலையும் 6 சதவீதம் ஏறும். பார்த்தீர்களா, நினைத்தது நடந்துவிட்டது. இதே நாட்டில் எல்லோரும் 4 சதவீதம் என்று நம்பியிருந்தால்? கேட்பது 6, கூலிச் செலவு உயர்வு 4, விலை உயர்வு 4.

இரண்டு கணக்கிலும் தொழிலாளிக்கு உண்மையில் மிஞ்சியது அதே 2 சதவீதம்தான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அது இதுவாக இருக்கட்டும். பணவீக்கம் 6-இல் இருந்து 4-க்கு இறங்க யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை, எல்லோரும் சேர்ந்து இறங்கினால்.

சிக்கல் அந்த "சேர்ந்து" என்ற இடத்தில்தான். தெருக்கூத்தில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றுவிட்டால் பின்னால் இருப்பவர்களும் எழுந்துதான் ஆக வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் உட்கார்ந்திருந்தபோது தெரிந்த அளவுதான் தெரியும், கால் வலி மட்டும் மிச்சம். யார் முதலில் உட்காருவது? தனியாக உட்கார்ந்தவருக்கு எதுவும் தெரியாது. மற்றவர்கள் 8 கேட்கும்போது 6 கேட்ட சங்கம் தன் உறுப்பினர்களிடம் ஏச்சு வாங்கும், நியாயமான ஏச்சுதான்.

எதிர்பார்ப்பு எங்கிருந்து உருவாகிறது என்றும் பார்க்க வேண்டும். சாதாரணக் குடும்பம் புள்ளிவிவர அறிக்கையைப் படித்து முடிவெடுப்பதில்லை. அடிக்கடி வாங்கும் பொருள்தான் அளவுகோல்: பால், எண்ணெய், காய்கறி, எரிவாயு சிலிண்டர், பேருந்துக் கட்டணம். ரிசர்வ் வங்கி நகரக் குடும்பங்களிடம் தவறாமல் ஓர் ஆய்வு நடத்துகிறது. மக்கள் சொல்லும் பணவீக்கம் அதில் அரசு அளக்கும் எண்ணைவிட வழக்கமாகவே அதிகமாக இருக்கும். "மக்களுக்குக் கணக்கு தெரியவில்லை" என்று ஒதுக்குவது வசதியான பதில். சம்பளம் கேட்கும்போது அவர்கள் மனதில் இருப்பது அந்த எண்தான், ஆகவே பொருளாதாரத்தில் வேலை செய்வதும் அதுதான்.

ஆனால் எல்லா விலையேற்றமும் எதிர்பார்ப்பைத் தொடுவதில்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியது, இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. தக்காளி ஏறியதற்காக யாரும் சம்பளப் பேச்சுக்குப் போகவில்லை. அடுத்த அறுவடை வந்தால் இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தக்காளியைத் தொடர்ந்து வெங்காயம், பருப்பு, வாடகை, பள்ளிக் கட்டணம் என்று வரிசையாக வந்து, "இனி இப்படித்தான்" என்ற எண்ணம் வீட்டுக்குள் நுழையும்போதுதான் ஆபத்து. ரிசர்வ் வங்கிக்கு 4 சதவீதம் என்ற இலக்கும் மேலும் கீழும் 2 சதவீத வரம்பும் 2016-இல் சட்டப்படி வைக்கப்பட்டதற்கு ஒரு காரணம் இது. 4 என்ற எண்ணை மக்கள் நம்பினால், சம்பளப் பேச்சும் 4-ஐச் சுற்றியே நடக்கும்.

இந்த விஷயத்தைப் பொருளியலாளர்கள் கற்றுக்கொண்டது சற்றுத் தாமதமாகத்தான். 1958-இல் லண்டனில் இருந்த ஏ. டபிள்யூ. பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர், பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையான கணக்கை எடுத்துப் பார்த்தார். வேலையின்மை குறைந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியிருந்தது, வேலையின்மை அதிகமான ஆண்டுகளில் மெதுவாக. அதை வைத்து, கொஞ்சம் பணவீக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் வேலையின்மையைக் குறைத்துவிடலாம் என்று பல அரசுகள் நம்பின. 1960-களின் பிற்பகுதியில் மில்டன் ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் தனித்தனியே குறுக்கிட்டார்கள். தொழிலாளி பார்ப்பது ரூபாயை அல்ல, அந்த ரூபாய் என்ன வாங்கும் என்பதை. ஏமாந்த ஆள் அடுத்த முறை ஏமாற மாட்டார், ஏறப்போகும் விலையையும் சேர்த்தே கேட்பார் என்றார்கள். 1970-கள் அவர்கள் பக்கம் சாட்சி சொன்னது. வேலையின்மையும் விலையும் ஒன்றாக ஏறின.

அமெரிக்கா அந்த எதிர்பார்ப்பை முறித்த விதம் கொடூரமானது. 1979-இல் மத்திய வங்கித் தலைவராக வந்த பால் வோல்க்கர் வட்டியை 20 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுபோனார். 1980-இல் 13.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1983-இல் 3 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. இடையில் 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். கேட்கத் துணிச்சல் இல்லாத அளவுக்கு வேலை போய்விட்டால் யாரும் 8 சதவீதம் கேட்க மாட்டார்கள் என்பதுதான் அந்த மருந்தின் உள்ளடக்கம்.

வேறு வழி இருந்ததா? இத்தாலியின் கதை இங்கேதான் வருகிறது. பாடப்புத்தகங்கள் இதற்கு இரண்டு வரிக்கு மேல் கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இத்தாலியில் ஸ்காலா மோபிலே என்ற ஏற்பாடு வந்தது. விலைக் குறியீடு ஏறினால் சம்பளமும் தானாக ஏறும். நம் அகவிலைப்படியின் உறவுக்காரர்தான். 1975-இல் முதலாளிகள் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜியான்னி ஆக்னெல்லியும், பெரிய தொழிற்சங்கத்தின் தலைவர் லூச்சியானோ லாமாவும் அதை மேலும் பலமாக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். குறியீடு ஒரு புள்ளி ஏறினால் மேலாளருக்கும் கடைநிலைத் தொழிலாளிக்கும் ஒரே தொகை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்தம். கச்சா எண்ணெய் விலை அதிர்ச்சி முடிந்த கையோடு இது நடந்தது. தொழிலாளிக்குப் பாதுகாப்பு, தொழிற்சாலையில் அமைதி என்று இருதரப்பும் கணக்குப் போட்டன.

கணக்கில் விட்டுப்போனது ஒன்று. இந்த ஏற்பாடு பின்னால்தான் பார்க்கும், முன்னால் பார்க்காது. போன காலாண்டில் விலை ஏறியது, ஆகவே இந்தக் காலாண்டில் கூலி ஏறுகிறது. கூலி ஏறியதால் அடுத்த காலாண்டில் விலை ஏறுகிறது. முதலில் விலையை ஏற்றிவிட்ட காரணம் மறைந்த பிறகும் சுழல் தன் வேகத்திலேயே சுற்றும். 1980-இல் இத்தாலியின் பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டியது. இன்னொரு குறையும் உண்டு. எண்ணெய் விலை ஏறும்போது, அதை இறக்குமதி செய்யும் நாடு மொத்தமாகவே கொஞ்சம் ஏழையாகிறது. அந்த இழப்பை யாராவது சுமந்தாக வேண்டும். கூலியும் இறங்காது, லாபமும் இறங்காது என்றால், ஒருவர் தலையில் இருந்து இன்னொருவர் தலைக்கு அதை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் விலையேற்றமாக வெளியே தெரிகிறது.

ஏசியோ தரன்தெல்லி என்ற பொருளியல் பேராசிரியர் இதற்கு ஒரு வழி சொன்னார். தொழிற்சங்கங்களோடு நெருக்கமாகப் பணியாற்றியவர், தொழிலாளிக்கு எதிரி அல்லர். வோல்க்கர் வழியில் லட்சக்கணக்கானவர்களை வேலையிழக்க வைக்காமல் பணவீக்கத்தை இறக்க முடியுமா என்பதே அவர் கேள்வி. போன ஆண்டு விலையைப் பார்த்துக் கூலியை ஏற்றுவதற்குப் பதிலாக, அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு பணவீக்கம் வேண்டும் என்று அரசும் முதலாளிகளும் சங்கங்களும் முன்கூட்டியே உட்கார்ந்து முடிவு செய்யட்டும், கூலி அந்த எண்ணின்படி ஏறட்டும் என்றார். உண்மையில் விலை அதைவிட அதிகமாக ஏறிவிட்டால், வித்தியாசத்தைப் பின்னால் ஈடுகட்டிவிடலாம். எல்லோரும் ஒன்றாக உட்காரும் ஏற்பாடு.

1984 பிப்ரவரி 14 அன்று பெத்தினோ கிராக்ஸியின் அரசு அவசரச் சட்டம் போட்டு, ஸ்காலா மோபிலேவின் சில புள்ளிகளை வெட்டியது. தரன்தெல்லியின் யோசனையின் சாயல் அதில் இருந்தது, ஆனால் அவர் நினைத்தபடி எல்லோருடைய சம்மதமும் இல்லை. இரண்டு சங்கங்கள் ஒப்புக்கொண்டன, மூன்றாவதான பெரிய சங்கத்தின் கம்யூனிஸ்டுப் பெரும்பான்மை எதிர்த்தது. வெட்டை ரத்து செய்யக் கோரிப் பொதுவாக்கெடுப்பு வரை போனது. வாக்கெடுப்புக்கு முன்பே, 1985 மார்ச் 27 அன்று, ரோம் பல்கலைக்கழகத்தில் வகுப்பு முடித்து வந்த தரன்தெல்லியை ரெட் பிரிகேட்ஸ் என்ற ஆயுதக் குழு சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு 43 வயது. சம்பளக் குறியீட்டுச் சூத்திரத்துக்காக ஒரு மனிதர் உயிரை விட்டார் என்றால், அந்தச் சூத்திரத்துக்குள் எவ்வளவு அரசியல் அடைந்து கிடந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 54 சதவீதம் பேர், வெட்டு இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். தங்கள் சம்பள உயர்வைத் தாங்களே குறைத்துக்கொள்ளப் பெரும்பான்மை சம்மதித்தது என்பது சாதாரண விஷயம் அல்ல. 1983-இல் 15 சதவீதத்தை ஒட்டி இருந்த பணவீக்கம் 1986-இல் 6 சதவீதத்துக்கு வந்தது. அதற்கு எண்ணெய் விலைச் சரிவும் இறுக்கமான பணக் கொள்கையும் பெரிய காரணங்கள். எல்லாப் பெருமையையும் வாக்கெடுப்புக்குக் கொடுத்தால் அது பொய்க் கணக்கு. 1992-இல் ஸ்காலா மோபிலே முழுவதுமாகக் கைவிடப்பட்டது. 1993 ஜூலையில், அரசு அறிவிக்கும் பணவீக்க இலக்கை வைத்துச் சம்பளம் பேசுவது என்று முத்தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டன. எட்டு ஆண்டு தாமதமாக, தரன்தெல்லியின் யோசனை.

இப்படிப்பட்ட சுழல் அடிக்கடி வருவதல்ல. 1960-களில் இருந்து விலையும் கூலியும் சேர்ந்து வேகமெடுத்த 79 நிகழ்வுகளை, பல நாடுகளில் இருந்து திரட்டி, பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐஎம்எஃப்) ஆய்வாளர்கள் 2022-இல் ஆராய்ந்தார்கள். சிலவற்றில் மட்டுமே அந்த வேகம் மேலும் கூடிக்கொண்டே போனது. பெரும்பாலானவை பின்னர் அடங்கின. ஐரோப்பாவில் 2022-ஐ ஒட்டி ஏறிய விலையில் ஏறத்தாழ பாதிக்கு நிறுவனங்களின் லாப உயர்வு காரணம் என்றும், கூலியின் பங்கு அதைவிடக் குறைவு என்றும் அதே நிதியத்தின் 2023-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. எதிர்பார்ப்பு முதலாளிக்கும் உண்டு. "எப்படியும் எல்லோரும் ஏற்றுகிறார்கள், நாமும் ஏற்றுவோம்" என்பதும் அதே வகைதான், ஆனால் செய்தித்தாள்களில் அதற்குச் சுழல் என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

இப்போது டீக்கடைக்காரர்களின் வழக்குக்குத் தீர்ப்பு சொல்லலாம். மத்திய அரசின் அகவிலைப்படி, தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர் விலைக் குறியீட்டின் 12 மாதச் சராசரியை வைத்து, ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இருமுறை ஏறுகிறது. அறிவிப்பு வருவதோ அதற்கும் சில மாதங்கள் கழித்து. ஏறிவிட்ட விலைக்குத் தாமதமாக வரும் ஈடுதான் அது. கொரோனா காலத்தில் 2020 ஜனவரியில் இருந்து 2021 ஜூன் வரை அதை 17 சதவீதத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். அதனால் விலைவாசி நின்றுவிடவில்லை. மேலும், மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 49 லட்சம் பேர். மாநில ஊழியர், ஓய்வூதியர் என்று சேர்த்தாலும், நாட்டில் உழைப்போரின் கூட்டத்தில் சிறு பகுதி. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாற்று நடுபவருக்கும் குறியீட்டைப் பார்த்துச் சம்பளம் ஏற்றித் தர நடைமுறையில் பெரும்பாலும் யாரும் இல்லை. இத்தாலியைப் போல நாடு முழுவதும் ஒரே நேரத்தில் சுழல இங்கே கயிறே கட்டப்படவில்லை.

டிஏவால் விலை ஏறும் என்ற முதல் குரலுக்கும் கொஞ்சம் இடம் உண்டு. ஏழாவது ஊதியக்குழுவை ஒட்டி 2017-இல் வீட்டு வாடகைப்படி உயர்ந்தபோது நுகர்வோர் குறியீட்டின் வீட்டுப் பிரிவு சட்டென்று ஏறியது. அதில் ஒரு பகுதி கணக்கெடுப்பு முறையின் வேடிக்கை. அரசுக் குடியிருப்பில் இருப்பவர் இழக்கும் வாடகைப்படியே அந்த வீட்டின் வாடகையாக அப்போது எழுதப்பட்டது. தெருவில் யார் வீட்டு வாடகையும் ஏறாமலே குறியீடு ஏறும். அரசு ஊழியர் நிறைந்த ஊர்களில் உண்மையான வாடகையும் ஏறத்தான் செய்யும், அதை மறுக்க வேண்டியதில்லை.

கயிறே கட்டப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை மலையகம் சாட்சி. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளம், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டு பொருளாதாரம் சரிந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். நாட்சம்பளம் அதே 1,000. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகள் வட்டியை ஏற்றியிருந்தது, ரூபாயும் பின்னர் நிலைகொண்டது. 2023 ஜூலையில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக இறங்கியதற்கு, கூலி விலையைத் துரத்த முடியாமல் போனதும் ஒரு காரணம். நாடு ஏழையானதன் சுமையைத் திருப்பி அனுப்ப வழியில்லாதவர்கள் அப்படியே சுமந்தார்கள்.

பணவீக்கம் இறங்கியது என்றால் ஏறும் வேகம் குறைந்தது என்று மட்டுமே பொருள். அரிசியும் மாவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. 2024-இல் அரசு 1,700 ரூபாய் என்று அறிவித்தது, தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. அந்த செப்டம்பரில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம், கூடுதலாகப் பறிக்கும் கொழுந்துக்குத் தனி ஊக்கத்தொகை என்று முடிந்தது. 2021-இல் இருந்ததைப்போலக் கொழும்பு விலைகள் அப்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு. பணவீக்க விகிதமோ அந்த மாதம் பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது.